எஞ்சின்எக்ஸ் கையேட்டின் வரலாறு

எஞ்சின்எக்ஸ் என்பது வலை வழங்கியாகவும் பிராக்சியாகவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஆகும். பயனர்களின் கோரிக்கைகளை முன்னின்று பெற்று, பின்னாலுள்ள வழங்கிகளுக்கு இது பகிர்ந்தளிக்கிறது. ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணியாற்றிய ஈகோர் சிசோயெவ் 2002 இல் இதனை எழுதத் தொடங்கி, 2004 அக்டோபரில் வெளியிட்டார். மூலநிரலை எவரும் படிக்கலாம். ஆனால் தொடக்கத்தில் கையேடு ரஷ்ய மொழியிலேயே இருந்தது.

பிறநாட்டுப் பயனர்கள் தாமே அதனை மொழிபெயர்த்து, ஆங்கில விளக்கங்களை ஒரு விக்கியில் திரட்டினர். ரஷ்யாவுக்கு வெளியே இம்மென்பொருள் பரவ இது உதவியது. அதேவேளை, பொருள் புரியாமல் நகலெடுக்கப்பட்ட பிழையான அமைப்புக் கோப்புகளும் பரவின. சில இடங்களில் ‘இஃப்’ கட்டளை எதிர்பாராத விளைவுகளைத் தந்ததால், ‘இஃப் தீயது’ என்ற பொருள்படும் தலைப்பிலேயே விக்கியில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் எழுதப்பட்டது.

2011 இல் இம்மென்பொருளுக்கெனத் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன்பின் அதிகாரப்பூர்வ ஆங்கிலக் கையேடு விரிவடைந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் எழுதும் முறை, இயல்பு மதிப்பு, பயன்படுத்தத்தக்க இடம் ஆகியவை ஒரே ஒழுங்கில் தரப்பட்டன.

மூலநிரலைத் திறந்து வைப்பது பாதிப் பணியே. படிப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் கிடைக்கும்போதுதான் அது உண்மையில் பொதுச்சொத்தாகிறது.