காலி இடத்தில் என்ன வைப்பது?

இரண்டு மாதத்துக்கு மேலாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில். வலது கட்டைவிரலின் அடிமூட்டில் அறுவை சிகிச்சை. இந்தப் பதிவில் பாதி வாயால் சொல்லி போனில் ஏற்றியது, மீதி இடது கை விரலால் தட்டியது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம். அது என் வேலை.

மூன்று வருஷமாகவே வலி. முதலில் பாட்டில் மூடி திருகும்போது, பிறகு சாவி திருப்பும்போது, கடைசியில் பேனா பிடிக்கும்போதே. ஊசி போட்டும் பார்த்தாயிற்று. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "தேய்ந்த எலும்பை எடுத்துவிடலாம்மா. எடுத்த இடத்தில் உங்கள் கையிலிருந்தே தசைநாணை எடுத்துச் சுருட்டி வைக்கலாம், இல்லையென்றால் காலியாகவே விட்டுவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

காலியாகவா? வீட்டில் ஒரு செங்கல்லை உருவினால்கூட அந்த இடத்தில் சிமென்ட் பூசுகிறோம். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பயம் வந்தால் படிப்பது என் பழக்கம். படிக்கப் படிக்க அது எழுபது வருஷக் கதையாக விரிந்தது.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். அதில் கட்டைவிரலைத் தாங்குவதன் பெயர் டிரப்பீசியம். கணக்கில் நாம் சரிவகம் என்று நடத்துகிறோமே, அதே பெயர்தான். கிரேக்கத்தில் சின்ன மேசை என்று பொருள். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் சரிவகம் போட்டவளுக்கு, போடுகிற கைக்குள்ளேயே ஒன்று இருப்பது தெரியவில்லை!

இந்த மூட்டு குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது. அதனால்தான் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் தொட முடிகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. கூனி, சாவோ என்ற இருவர் 1977-ல் கணக்குப் போட்டார்கள். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடிமூட்டில் ஏறும் சுமை சுமார் 12 கிலோ. எத்தனை கட்டு நோட்டு, எத்தனை சாக்பீஸ்! ஆனால் பழியைச் சாக்பீஸ் மேல் மட்டும் போட முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தத் தேய்மானம் அதிகம் வருகிறது. பள்ளிக்கூடமே பார்க்காத என் பெரியம்மாவுக்கும் இதே வலி இருந்தது. "கை இழுக்குது" என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே காலம் தள்ளினார்.

பிரான்சில் ஃபோரெஸ்தியே என்ற மருத்துவர் 1937-ல் இதை விவரித்து, கட்டைவிரலின் வேரில் வரும் மூட்டுநோய் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். 1949-ல் ஜெர்விஸ் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், தேய்ந்த டிரப்பீசியத்தை முழுதாக எடுத்துவிடும் முறையை எழுதினார். எடுத்தார், தைத்தார், அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. அதே ஆண்டில் மியூலர் என்பவர் இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவைக்கும் முறையை எழுதினார். அதில் வலி போகும், மூட்டின் அசைவும் போகும்.

ஜெர்விஸ் விட்ட பள்ளம் மற்ற மருத்துவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. நியாயமான கவலைதான். தாங்கும் எலும்பு போனால் கட்டைவிரல் உள்ளே இறங்கிவிடும், பிடி தளர்ந்துவிடும் என்று பயந்தார்கள். அமெரிக்காவில் ஸ்வான்சன், சிலிகானில் ஒரு எலும்பு செய்து வைத்தார். பார்க்க அழகான தீர்வு. ஆனால் அது நழுவியது; சிலிகான் துகள் உதிர்ந்து உள்ளே அழற்சியை உண்டாக்கியது. 1970-ல் ஃப்ராய்ம்சன், நோயாளியின் முன்கைத் தசைநாணையே எடுத்துச் சுருட்டிப் பள்ளத்தில் வைத்தார். அந்தச் சுருளுக்கு அறுவை மருத்துவர்கள் வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? நெத்திலி! டப்பாவில் சுருட்டி அடைத்த மீன் மாதிரி இருக்கிறதாம். 1974-ல் பிரான்சில் டி லா காஃபினியேர், இடுப்பு மூட்டு மாதிரியே பந்தும் கிண்ணமுமாக ஒரு செயற்கை மூட்டை எழுதினார். 1986-ல் பர்ட்டனும் பெல்லெக்ரினியும் எலும்பில் துளை போட்டு, தசைநாணைக் கோத்து, கட்டைவிரலைத் தூளி மாதிரித் தொங்கவிட்டு, மீதியை நெத்திலியாக்கி உள்ளே வைத்தார்கள். அமெரிக்காவில் இதுதான் மிகப் பரவலானது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வியைச் சரியான முறையில் சோதிக்க வெகு காலம் ஆயிற்று. உள்ளே எதையாவது வைப்பதால் உண்மையிலேயே லாபம் உண்டா?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த டேவிஸ் குழு அதைச் செய்தது. 162 பெண்கள், 183 கட்டைவிரல்கள். குலுக்கல் முறையில் மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு எலும்பை எடுத்ததோடு சரி. இன்னொன்றுக்கு நெத்திலி. மூன்றாவதுக்குத் தூளியும் நெத்திலியும். எல்லோருக்கும் நாலு வாரம் கம்பி, ஆறு வாரம் கட்டு. 2004-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வலியிலோ பிடியின் பலத்திலோ மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அதே நோயாளிகளில் பலரை 5 முதல் 18 வருஷம் கழித்துத் திரும்பச் சோதித்து 2012-ல் எழுதினார்கள். அப்போதும் இல்லை. வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. உடம்பே தழும்புத் திசுவை வளர்த்து மெத்தை போட்டுக்கொள்கிறது. கட்டைவிரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. அப்படியும் வேலை நடக்கிறது.

காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், எந்த முறையும் இன்னொன்றைவிட மேல் என்று நிரூபணம் இல்லை என்றே சொல்கிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் முதலில் நம் செங்கல்பட்டுக் காக்ரேன் என்று நினைத்தேன். அவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவர். ஆய்வுத் தொகுப்புக்குப் பெயர் தந்தவர் ஆர்ச்சி காக்ரேன். வேறு ஆள்.

ஆனாலும் செங்கல்பட்டுக்காரரை விட மனம் வரவில்லை. கொல்லிமலையில் பிறந்து 1946-ல் வேலூருக்கு வந்த பால் பிராண்டை, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். அடுத்த இருபது வருஷம் பிராண்ட் வேலூரில் செய்தது கை அறுவை சிகிச்சை வரலாற்றில் தனி அத்தியாயம். செயலிழந்த கட்டைவிரலுக்கு, மோதிர விரலை மடக்கும் தசைநாண் ஒன்றைத் திருப்பிக் கட்டுவது அங்கே செய்த முறைகளில் ஒன்று. அறுவை முடிந்ததும் நோயாளி புதுப் பாடம் படிக்க வேண்டும். மோதிர விரலை மடக்குவதாக நினைத்தால்தான் கட்டைவிரல் நகரும்! இதை நாள்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க ஆள் வேண்டும். கத்தியின் வேலை பாதிதான், மீதி பயிற்சியில் என்று பிராண்ட் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 1966-ல் அவர் அமெரிக்கா போனபின், அங்கே கைப் பயிற்சி ஒரு தனித் துறையாக வளர்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. எனக்கு வந்த நோய் வேறுதான். ஆனால் கட்டுப் பிரித்த மறுநாள் பிசியோதெரபி அறையில் ஒரு சின்னப் பெண் என் விரலைப் பிடித்து, "நுனியை நுனி தொடணும் டீச்சர், அவசரம் வேண்டாம்" என்றபோது வேலூர்தான் ஞாபகம் வந்தது.

டாக்டரிடம் காலியாகவே விடச் சொன்னேன். சிரித்தார். "பயமில்லையா?" "இருக்கு சார். ஆனா 183 கட்டைவிரல் சொல்லுதே!"

இன்றோடு பதினோரு வாரம். எலும்பு உரசும் பழைய வலி இல்லை. வேறொரு வலி, புண் ஆறும் வலி, சாயங்காலமானால் வருகிறது. அடிவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. சட்டை ஊக்கு போட முடிகிறது; ஈரத் துணி பிழிய முடியவில்லை. பலம் முழுதாகத் திரும்ப ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்கிறார்கள். நேற்று ஒரு சின்ன கருவியைக் கிள்ளச் சொல்லி அளந்தார்கள். இடது கை ஐந்து கிலோ, வலது கை ஒன்றரை. போன வாரம் முக்கால் கிலோதான்.