கடைவாய்ப் பல்லில் காம்போசிட் அடைப்பின் ஆயுள்: நீண்டகால ஆய்வுகளின் வெளிச்சத்தில்

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பல் சிகிச்சையில் பாதரச அமால்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. கடைவாய்ப் பல்லின் சுமையை இனி காம்போசிட் ரெசினே தாங்கியாக வேண்டும். அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது பொருளின் தரத்தைவிட, நோயாளிக்குச் சொத்தை வரும் அபாயத்தையும் குழியின் அளவையும் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககாலக் காம்போசிட்கள் மெல்லும் பரப்பில் விரைவாகத் தேய்ந்தன. நிரப்புத் துகள்கள் நுண்மையான பின் அக்குறை பெரிதும் நீங்கியது. பல் ஆய்வாளர் ஒப்டாமின் குழுவினர் 2014இல் 12 ஆய்வுகளைத் தொகுத்து, 2,816 கடைவாய் அடைப்புகளை ஆராய்ந்தனர். ஆண்டுத் தோல்வி வீதம் 5 ஆண்டுக் கணக்கில் 1.8 சதவீதம்; 10 ஆண்டுக் கணக்கில் 2.4 சதவீதம். தோல்விக்கு முதன்மைக் காரணங்கள் அடைப்போரத்தில் மீண்டும் வரும் சொத்தையும் முறிவுமே.

பொருளின் தரம் இரண்டாம்பட்சமே என்ற வாதத்திற்கு எதிரான வலுவான சான்று லிஸ்பனிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களிடம் நடந்த சோதனையில், 7 ஆண்டு முடிவில் அமால்கம் அடைப்புகளில் 94.4 சதவீதம் நிலைத்தன, காம்போசிட்டில் 85.5 சதவீதமே. ஓரச் சொத்தையின் அபாயம் காம்போசிட்டில் 3.5 மடங்கு. ஆகவே பொருளுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல இயலாது. ஆனால் நெதர்லாந்தில் பெரிய அடைப்புகளை 12 ஆண்டு தொடர்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், சொத்தை அபாயம் குறைந்தவர்களிடம் காம்போசிட்டே மேலாக நின்றது. அபாயம் மிகுந்தவர்களின் மூன்று பரப்பு அடைப்புகளில் அமால்கம் முந்தியது. ஒரே பொருள் ஆளுக்கேற்ப வேறு விதமாக நடந்துகொள்கிறது.

காரணத்தைக் குழியின் அடியில் காணலாம். இரு பற்களுக்கு இடையே ஈறுவரை இறங்கும் பெட்டி போன்ற பள்ளத்தில் அடிவிளிம்பில் எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். அங்கே பிணைப்பு எனாமலுக்கு அடியிலுள்ள ஈரமான டென்டினை நம்ப வேண்டியிருக்கிறது. உமிழ்நீரோ ஈற்றுக் குருதியோ கசிந்தால் பிணைப்பு கெடும். இறுகும்போது ரெசின் கனஅளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கி விளிம்பை இழுக்கிறது. விளக்கொளி ஆழத்தில் மங்குவதால் வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து இறுகச் செய்ய வேண்டும். இத்தனை கவனமும் எடுத்த பிறகும், சர்க்கரை அடிக்கடி சேரும் வாயில் பாக்டீரியாவின் அமிலம் பலவீனமான விளிம்பிலேயே முதலில் பாயும்.

எனவே அடைப்பதற்கு முன்பே நோயாளியின் சொத்தை அபாயத்தை மதிப்பிட்டு, உணவுப் பழக்கத்தையும் புளோரைடு பயன்பாட்டையும் சீர்செய்ய வேண்டும். விளிம்பில் நிறம் மாறியதற்காகவே முழு அடைப்பையும் பெயர்த்தெடுப்பது தவறு. ஒவ்வொரு மாற்றத்திலும் நல்ல பல்லும் கொஞ்சம் குறைகிறது. பழுதான பகுதியை மட்டும் சீர்செய்வதே பல் மருத்துவர்களின் முதல் தெரிவாக இருக்கட்டும்.