தொகுப்பானும் வழுநீக்கியும்: ஒரு பழைய ஒப்புநோக்காளனின் குறிப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலைப் பட்டதாரி என்ற சிறு செருக்கோடு பத்திரிகைத் தொழிலுக்கு வந்த என்னை முதலில் அமர்த்திய இடம் ஆசிரிய பீடமன்று, ஒப்புநோக்கும் அறை. ஈய எழுத்துகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மை காயாத புரூப் தாள்கள் நீள நீளமாக மேசைக்கு வரும். எனக்குப் பக்கத்தில் இருந்த மூத்த ஒப்புநோக்காளர், "தம்பி, கருத்தைப் படிக்காதையும், எழுத்தைப் படியும்" என்று நாளுக்கு நாலு தடவையாவது சொல்வார். கருத்தைப் படித்தால் விடுபட்ட புள்ளியையும் இருப்பதாகவே மூளை காட்டிவிடும் என்பது அவரது கட்சி. அது சரியென்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

கணினித் துறையைப் பற்றி எழுதப் புகும் கட்டுரைக்கு இது பொருந்தாத தொடக்கம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் தொகுப்பான் என்றால் என்ன, வழுநீக்கி என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கவைத்த இளைஞர் இந்த அறையைக் கொண்டுதான் விளங்கவைத்தார். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்கு அருகே எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளை. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன்.

"அங்கிள், நாங்கள் எழுதுகிறதை மெசினுக்கு விளங்கிற மாதிரிக் கோத்துக் குடுக்கிறது தொகுப்பான். உங்கட அச்சுக்கோப்பாளர் மாதிரி. ஆனால் பிழையிருந்தால் கோக்க மாட்டன் என்று சொல்லிப்போடும். கோத்து ஓடத் தொடங்கின பிறகு எங்கை பிழைக்குது என்று இடையில நிப்பாட்டிப் பார்க்கிறது வழுநீக்கி."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

அவருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, 2007ஆம் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து தபாலில் அவர் பெயருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இறுவட்டுகள். உபுண்டு என்ற இயங்குதளத்தைக் கேட்பவர்க்கெல்லாம் உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2005இல் தொடங்கிய அந்த ஏற்பாடு 2011இல் நின்றது. ஆனால் 2007 எத்தகைய ஆண்டு என்பது கொழும்பில் வாழ்ந்த தமிழர்க்குத் தெரியும். ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் அதிகமான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். தேடுதல், பதிவு, சோதனைச்சாவடி. இந்த நிலையில் ஒரு தமிழ்ப் பையனுக்கு வெளிநாட்டு முத்திரையோடு இறுவட்டுகள் வந்தால் பெற்ற தாய் என்ன செய்வாள்? அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார் அந்த அம்மா. இரண்டு கிழமை கழித்து, அது என்னவென்று பார்த்துச் சொல்லுமாறு என்னிடம் கொண்டுவந்தார். எனக்கும் தெரியவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் ஒருவரிடம் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று உறுதிசெய்து திருப்பிக் கொடுத்தேன்.

அந்த இயங்குதளத்தோடு சேர்த்து நிறுவிக்கொள்ளக் கூடியதாக இருந்த கருவிகளில் ஒன்று ஜிசிசி என்னும் தொகுப்பான். மற்றொன்று ஜிடிபி என்னும் வழுநீக்கி. இவற்றின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 செப்டெம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தபோது, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்குவதே நோக்கம். அதற்குத் தொகுப்பான் வேண்டும். தொகுப்பான் இல்லாமல் எதையும் கோக்க முடியாது. அவர் முதலில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள 'சுதந்திரப் பல்கலைக்கழகம்' என்று பொருள்படும் பெயர்கொண்ட பல்கலைக்கழகத்தின் தொகுப்பானைப் பயன்படுத்தலாமா என்று அதை ஆக்கியவருக்கு எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகந்தான் சுதந்திரமானது, தொகுப்பான் அன்று என்ற பொருளில் நையாண்டியான பதில் வந்ததாக ஸ்டோல்மனே பின்னர் எழுதியிருக்கிறார். அடுத்து, அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் உருவான ஒரு தொகுப்பானைத் திருத்திப் பார்த்தார். அது அன்றைய சிறு கணினிகள் தாங்காத அளவுக்கு நினைவகத்தை விழுங்கியது. ஈற்றில் தாமே தொடக்கத்திலிருந்து எழுதினார். 1986இல் ஜிடிபி. 1987 மார்ச் 22இல் ஜிசிசியின் முதல் வெளியீடு. இணையம் பரவாத காலமாகையால், தமது ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவியை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு அனுப்பிப் பிழைத்தவர் அவர். இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

பத்தாண்டுகளில் பூசல் வந்தது. திருத்தங்களை அனுப்புவோர் பெருகினர். அவற்றை ஏற்கும் கதவோ குறுகியதாக இருந்தது. 1997இல் ஒரு சாரார் பிரிந்து ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனிப் பிரதியை வளர்க்கத் தொடங்கினர். நம்மவரிடையே இப்படியொரு பிளவு நிகழ்ந்திருந்தால் இரண்டு சங்கமும் இரண்டு ஆண்டுவிழாவும் மிஞ்சியிருக்கும். அங்கே நடந்தது வேறு. பிரிந்துபோன பிரதியே சிறப்பாக வளர்கிறது என்று கண்டு, 1999 ஏப்ரலில் அதையே அதிகாரபூர்வ ஜிசிசி ஆக ஏற்றுக்கொண்டார்கள். மூலம் திறந்திருந்தமையால்தான் பிரியவும் முடிந்தது, சேரவும் முடிந்தது.

இனி இலங்கைக்கு வருவோம். மென்பொருள் துறையில் இந்த நாடு பிறருக்குக் கூலிக்கு எழுதிக் கொடுக்கும் நாடாகவே நெடுங்காலம் அறியப்பட்டது. கருவியை ஆக்குவோர் வேறெங்கோ இருந்தனர். இதை மாற்ற எண்ணியவர்களில் முதன்மையானவர் சஞ்சீவ வீரவரண. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் அமைவதில் முன்னின்றார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அப்பாச்சி திட்டத்தின் நிரலாளர்கள் கொழும்பிலேயே கூடி, அக்சிஸ்2 என்ற மென்பொருளின் வடிவத்தை விவாதித்தார்கள்.

அதே ஆண்டு டிசெம்பர் 26. ஆழிப்பேரலை இந்தத் தீவில் மட்டும் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றது. காணாமற்போனோரின் பட்டியலை எவரிடம் கேட்பது என்று தெரியாமல் பத்திரிகை அலுவலகங்களின் தொலைபேசிகள் இரவுபகலாக ஒலித்தன. தாள்களில் பெயர்களை எழுதி எழுதிக் கை மரத்துப்போனவர்களில் நானும் ஒருவன். ஒரே பெயர் மூன்று விதமான எழுத்தில் மூன்று முகாம்களில் இருந்து வரும். ஒருவரா மூவரா என்று அறிய வழியில்லை. அந்த நாட்களில் நிரலாளர்கள் பலர் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் விபரம், நிவாரணத் தேவை ஆகியவற்றைக் கையாளும் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். திறந்த மூலக் கருவிகளைக் கொண்டே எழுதினார்கள். எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதைச் சஹானாவுக்கு வழங்கியது.

2005இல் வீரவரண வேறு இருவருடன் சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து அங்கே ஒரு புதிய நிரல்மொழிக்கான வேலை ஆரம்பித்தது. பாலே நடனமங்கையைக் குறிக்கும் 'பாலரினா' என்பது அதன் பெயர். 2017 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. தாய்லாந்தில் வாழும் ஆங்கிலேயரான ஜேம்ஸ் கிளார்க் மொழியின் இலக்கணத்தை வகுப்பதில் இணைந்துகொண்டார். மூலம் முழுவதும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் திறந்து வைக்கப்பட்டது.

ஒரு நிரல்மொழியை அறிவிப்பது எளிது. அதற்குத் தொகுப்பான் எழுதிப் பேணுவதுதான் பாடு. பாலரினா தொடக்கத்தில் தனக்கெனச் செய்துகொண்ட ஒரு மெய்நிகர் பொறியின்மீது ஓடியது. வேகம் போதவில்லை. ஆகவே அதைக் கைவிட்டு, ஜாவாவின் பொறி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு நிரலைக் கோக்கும் தொகுப்பானைப் புதிதாக எழுதினார்கள். 2019 செப்டெம்பரில் வந்த முதலாம் பதிப்பு அதனோடு வந்தது. பின்னர் மொழியின் இலக்கணத்தையே பல இடங்களில் திருத்தினார்கள். திருத்தந்தோறும் தொகுப்பானும் வழுநீக்கியும் மாற வேண்டியிருந்தது. 'அன்ன ஏரி' என்று பெயரிட்ட பதிப்பு 2022 பெப்ரவரியில் வெளியானது.

எங்கள் தொழிலின் குறையொன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றைப் பற்றி நாங்கள் எழுதியதெல்லாம் வெளியீட்டு விழாச் செய்திகளே. மங்கல விளக்கேற்றும் படமும் இரண்டு பந்தியும். விழாவுக்கு மறுநாள் காலை ஆயிரக்கணக்கான வழுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, 'இது எந்த வரியில் பிழைக்கிறது' என்று தேடும் பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஒப்புநோக்காளனின் பெயரைப் பத்திரிகையில் எவர் பார்த்திருக்கிறார்?

எங்கள் ஒழுங்கைப் பையன் அப்படிப்பட்டவர்களில் ஒருவரானார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, கொழும்பில் தொகுப்பான் எழுதும் குழுவொன்றில் சேர்ந்தார். மொரட்டுவை மாணவர்கள் கூகிளின் கோடைகாலத் திறந்தமூலத் திட்டத்தில் உலகப் பல்கலைக்கழகங்களுக்குள் எண்ணிக்கையில் பல தடவை முதலிடம் பெற்றவர்கள் என்பதும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. பிறகு 2022 வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. எரிவாயுவுக்கு வரிசை, எரிபொருளுக்கு வரிசை, கடைசியில் கடவுச்சீட்டுக்கும் வரிசை. அந்த ஓராண்டில் தொழில் தேடிப் பதிவுசெய்து வெளிநாடு சென்றோர் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். அவரும் மெல்பேர்ன் போய்விட்டார். திறந்த மூலத்துக்கு இதிலொரு நன்மை உண்டு: ஆள் போனாலும் அவர் எழுதியது இங்கே இருக்கிறது, அவரும் அங்கிருந்தே திருத்தம் அனுப்பலாம். ஆனால் அடுத்த மேசையில் இருக்கும் புதிய பிள்ளைக்கு, "கருத்தைப் படிக்காதையும், எழுத்தைப் படியும்" என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமற்போவதை எந்த உரிமமும் ஈடுசெய்யாது.

கடந்த தைப்பொங்கலுக்கு அவர் வந்திருந்தார். இதிலெல்லாம் தமிழுக்கு ஏதாவது இடம் உண்டா என்று கேட்டேன். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை என்பவர் 2007இல் தொடங்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றிச் சொன்னார். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, வரிவரியாக வாசித்து நிறைவேற்றும் வகையைச் சேர்ந்தது, மூலம் திறந்தது. நிபந்தனையை முதலில் எழுதிப் பின்னால் 'ஆனால்' என்று எழுதுவதாக, தமிழ் வாக்கிய அமைப்பை ஒட்டி அதன் இலக்கணம் அமைந்திருக்கிறது. திரையில் ஒன்றைக் காட்டுவதற்கு அதில் எழுத வேண்டிய சொல் 'பதிப்பி'. பத்திரிகைக்காரன் காதுக்கு அது இனிக்கத்தானே செய்யும்!

"அதைவிட இன்னொன்று" என்று மடிக்கணினியைத் திறந்தார். சி மொழிக்கான 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தின் பின்னிணைப்பிலேயே, பெயர்களில் வரத்தக்க எழுத்துகளாகத் தமிழ் எழுத்துகளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவாம். ஆயினும் ஜிசிசியில் நேரடியாகத் தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அதன் குறியீட்டு எண்ணால் எழுத வேண்டியிருந்தது. போட்டித் தொகுப்பானான கிளாங் 2013இலேயே இதைச் செய்துவிட்டது. ஜிசிசியின் வழுப் பதிவேட்டில் இந்தக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்து, 2020 மே மாதம் வெளியான பத்தாம் பதிப்பில்தான் நிறைவேறியது. தரநிர்ணயம் இடங்கொடுத்து இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு.

அவர் ஒரு சிறிய நிரலை எழுதிக் காட்டினார். 'மொத்தம்' என்று ஒரு பெயர் வைத்து, கீழே ஓரிடத்தில் வேண்டுமென்றே புள்ளியை விட்டு 'மொததம்' என்று தட்டிவிட்டு, தொகுப்பானை ஓடவிட்டார். கோக்க மறுத்துவிட்டது. அப்படியொரு பெயரை அறிவிக்கவில்லையே என்றும், நீங்கள் 'மொத்தம்' என்றா எழுத எண்ணினீர்கள் என்றும் கேட்டது. கேட்டது ஆங்கிலத்தில்; அந்த ஒரு சொல் மட்டும் தமிழில், புள்ளியோடு.

நான் அதற்கு முன்னரே பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். நம்பவில்லை.