பாறையிலிருந்து குதிக்காத பெண்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் குடும்பத்தோடு திருகோணமலை போயிருந்தேன். பிரட்றிக் கோட்டை வாசலில் "சேர்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என்னிடம் வரலாறு படித்த பிள்ளை. இப்போது சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறார். அன்று ஏழெட்டு வெளிநாட்டவரைக் கோட்டைக்கும் சுவாமி மலைக்கும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "நீங்களும் எங்களோட நடந்து வாங்கோ சேர்" என்றார். மாணவன் பாடம் நடத்த ஆசிரியர் கேட்பது ஒரு தனிச் சுகம் அல்லவா? போனேன்.

நன்றாகவே சொன்னார். போர்த்துக்கேயர் கோட்டையைக் கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1782இல் அது ஆங்கிலேயர் கைக்கும் சில மாதங்களில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது, 1795இல் ஆங்கிலேயர் நிரந்தரமாக எடுத்தது, 1803இல் யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரை வைத்தது எல்லாம் ஆண்டு பிசகாமல் வந்தன. புள்ளிமான்களுக்கு நடுவே ஏறி, கோணேசர் கோயிலைத் தாண்டி, பாறை விளிம்புக்கு வந்தோம். கீழே முன்னூறு அடிக்கு மேல் செங்குத்து. அடியில் கடல். இராவணன் வெட்டைக் காட்டிவிட்டு, பாறை உச்சியில் நிற்கும் கல்தூணைக் காட்டினார்.

"பிரான்சினா வான் ரீடே என்ற ஒல்லாந்தப் பெண். காதலித்த அதிகாரி கைவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். கப்பல் இந்தப் பாறையைக் கடக்கும்போது அவள் இங்கிருந்து குதித்தாள். தகப்பன் மகளின் நினைவாக இந்தத் தூணை நட்டார். இதனால்தான் இந்த இடத்துக்கு லவ்வர்ஸ் லீப் என்று பெயர்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டி, "இந்தக் கதையை எனக்குச் சொல்லித் தந்தவர் இவர்தான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உண்மைதான். 2003இல், சமாதான காலத்தில், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அதே இடத்தில் நின்று அதே கதையைச் சொன்னவன் நான். எனக்கு என் ஆசிரியர் சொன்னார். அவருக்கு யார் சொன்னாரோ. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தத் தூணில் வெட்டியிருப்பது என்ன என்பதை மொழிபெயர்ப்போடு படிக்கக் கிடைத்தது. மைட்ரெக்ட் சீமாட்டி பிரான்சினா வான் ரீடேயின் ஞாபகமாக 1687 ஏப்ரல் 24ஆம் திகதி இது நிறுத்தப்பட்டது என்பதுதான் அதன் பொருள். காதலனும் இல்லை, கப்பலும் இல்லை, குதித்ததும் இல்லை.

மைட்ரெக்டின் பிரபு யார் என்று தேடினால் இன்னும் வியப்பு. கேரளத்து மூலிகைகளைப் பற்றி 12 தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலைத் தொகுப்பித்த ஹென்ட்ரிக் வான் ரீடேதான் அவர். அந்த ஆண்டுகளில் ஒல்லாந்தக் கம்பனியின் உயர் ஆணையாளராக இந்தப் பக்கத்து நிலையங்களைப் பரிசோதித்துக்கொண்டு வந்தவர். 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்தார். சூரத்தில் அவருக்குப் பெரிய கல்லறை இருக்கிறது. பிரான்சினா அவர் மகளாக வளர்ந்தவர். தூண் நிறுத்தப்பட்ட பிறகும் அவர் உயிரோடு இருந்தார், சில ஆண்டுகள் கழித்துத் திருமணமும் செய்துகொண்டார். உயிரோடு இருந்த பெண்ணை நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம்!

ஒரு கதை பிழைத்தால் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். நானும் அன்றிரவு அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். முடியவில்லை. அந்த விளிம்பில் நிற்கக் கிடைப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தையும் நடக்காத ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டேன். அதுதான் உறுத்தியது.

நடந்தது இது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. உச்சியிலும் நடுவிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் அந்தப் பாறையில் இருந்ததைப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் எழுதி வைத்திருக்கிறார். 1620களில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் காலத்தில் அவை இடிக்கப்பட்டன. அந்தக் கற்கள் கோட்டைச் சுவராயின. கோட்டை வாசலில் இன்றும் பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. பிரான்சினாவின் தூணே பழைய கோயில் தூண்தான் என்றும் சொல்வார்கள்.

கோயில் போனது. வழிபாடு போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் ரெனன்ட் போன்ற ஆங்கிலேயர், அந்தப் பாறை விளிம்பில் பூசகர் நின்று பூவும் பழமும் கடலை நோக்கி வீசி, கற்பூரம் காட்டியதை விவரித்திருக்கிறார்கள். சுற்றிலும் அந்நியரின் பீரங்கி. கட்டடம் இல்லை, விக்கிரகம் இல்லை. பாறையும் கடலும் மட்டும். அந்த விளிம்புக்குச் சனம் போனது குதிக்க அல்ல, கும்பிட.

1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலச் சிலைகள் வெளிவந்தன. இடிப்புக்கு முன் யாரோ மண்ணுக்குள் ஒளித்துக் காத்த சிலைகள். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த கோயிற் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, நான் உங்களுக்குப் பிழையாகச் சொல்லித் தந்துவிட்டேன்" என்று தொடங்கி எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், அந்தக் கதையைக் கேட்கத்தானே ஆக்கள் அந்த இடத்துக்கு வருகினம். அதை எடுத்தா என்னத்தைச் சொல்லுறது?" என்றார். பிழைப்பு அவருடையது. அந்தக் கேள்வி நியாயமானது.

கதையை விட வேண்டாம் என்றேன். கதை என்று சொல்லியே சொல்லுங்கள். அடுத்ததாகத் தூணில் உள்ளதை வாசித்துக் காட்டுங்கள். பிறகு கடலைக் காட்டி, கற்பூரம் காட்டிய கதையைச் சொல்லுங்கள். அதற்கும் படம் எடுப்பார்கள்.

போன கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தி: "சேர், சொன்னேன். ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டா." வேறொன்றும் எழுதவில்லை. எனக்கு அது போதும்.

ஒரு வேண்டுகோள். 1950இல் அந்தச் சிலைகள் கிடைத்ததையோ, பிறகு அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனதையோ கண்ணால் பார்த்த அம்மம்மா, அப்பப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அன்று எட்டு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவர்கள் போன பிறகு, குதிக்காத பெண்ணின் கதைதான் மிஞ்சும்.