அடைக்கலப் பொருளும் விற்பனைப் பொருளும்

எங்கள் இளமைக் காலத்தில் கடையநல்லூர்க் கடைத்தெருவில் ஒரு புகைப்பட நிலையம் இருந்தது. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்களுக்கு அனுப்புவதற்காகக் குடும்பங்கள் அங்கே படம் எடுத்துக்கொள்ளும். பிரதிகள் வீட்டுக்கு வரும். நெகடிவ் நிலையத்தாரிடமே தங்கிவிடும். ஒருமுறை ஒரு வீட்டுப் பெண்ணின் படம் எவரையும் கேளாமல் கடையின் முகப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. தகப்பனார் கடைவாசலுக்கே வந்துவிட்டார். “படத்தை எடுத்தது நான்தானே” என்றார் கடைக்காரர். “எடுக்கத்தானவே சொன்னேன், ஊருக்குக் காட்டவா சொன்னேன்?” என்றார் இவர். மாலைக்குள் படம் இறங்கிவிட்டது.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதில் தகப்பனார் பக்கமே நிற்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்தக் கண்ணாடிப் பெட்டி உலகளவுக்கு விரிந்தபோது இதே வழக்கு மீண்டும் எழுந்தது. ட்விட்பிக் என்ற சிறு நிறுவனத்தின் கதை அது.

2006இல் தொடங்கிய ட்விட்டரில் (2023 முதல் அதன் பெயர் எக்ஸ்) முதலில் 140 எழுத்துகளை மட்டுமே இட முடிந்தது. படம் இட வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்க நோவா எவரெட் என்ற அமெரிக்க இளைஞர் 2008இல் ட்விட்பிக்கைத் தொடங்கினார். படத்தை அங்கே ஏற்றி, சுட்டியை ட்விட்டரில் இடலாம், கட்டணம் கிடையாது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கி, அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பினர். படகுப் பயணி ஒருவர் கைப்பேசியில் எடுத்து ட்விட்பிக்கில் ஏற்றிய படம் உலகெங்கும் பரவியது. வழிப்போக்கர் எடுக்கும் படத்துக்கும் செய்திச் சந்தையில் விலை உண்டு என்பது அன்று தெளிவாயிற்று.

விலை இருக்குமிடத்தில் வழக்கும் வரும். 2010 ஜனவரி 12 அன்று ஹைத்தியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, டேனியல் மொரெல் என்ற புகைப்படக் கலைஞர் தலைநகரில் எடுத்த படங்களை ட்விட்பிக்கில் ஏற்றினார். வேறொருவர் அவற்றைத் தமதென்று இட, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டது. கெட்டி இமேஜஸ் வழியே அவை பல பத்திரிகைகளுக்குச் சென்றன. பொதுவெளியில் இட்டபின் எடுத்தாள அனுமதி உண்டு என்பது ஏ.எஃப்.பி.யின் வாதம்.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த 2011 மே மாதத்தில் ட்விட்பிக் தன் விதிகளைத் திருத்தியது. பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே என்று ஒரு வரி கூறியது. வணிக நோக்கில் ஒருவரது படத்தை வெளியிட விரும்புவோர் ட்விட்பிக்கிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று மற்றொரு வரி கூறியது. வீடு உன்னுடையது, சாவி என்னுடையது என்பதே இதன் பொருள். பயனர்கள் கொதித்தெழுந்தனர். செய்தி நிறுவனங்கள் கேளாமல் எடுப்பதைத் தடுக்கவே இவ்விதி என்று எவரெட் விளக்கி மன்னிப்பும் கேட்டார். அந்த விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. மொரெலுக்கு நேர்ந்ததே சான்று. ஆனால் உடனேயே, படங்களை விற்கும் உரிமையை வென் என்ற பிரபலங்கள் பற்றிய செய்தி நிறுவனத்துக்கு ட்விட்பிக் அளித்திருப்பது வெளியாயிற்று. கள்வனிடமிருந்து காப்பதாகச் சொன்னவரே கடையும் விரித்திருந்தார். பலர் வேறு தளங்களுக்குப் பெயர்ந்தனர். அடுத்த மாதமே ட்விட்டர் தானே படவசதியை அறிவித்தது.

2013 ஜனவரியில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், ட்விட்டரின் விதிகள் ஏ.எஃப்.பி.க்கு அத்தகைய அனுமதியைத் தரவில்லை என்று தீர்த்தது. நவம்பரில் ஜூரி மொரெலுக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2014இல் வணிகப் பெயர் குறித்து ட்விட்டருடன் எழுந்த பிணக்கில் ட்விட்பிக் மூடப்பட்டது. அக்டோபர் 25 அன்று படக்கிடங்கு ட்விட்டரின் கைக்குச் சென்றது. பிறர் படங்களுக்குச் சாவி தன்னுடையது என்ற நிறுவனத்துக்குத் தன் பெயரே மிஞ்சவில்லை.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்த ஆய்ச்சி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. ஆயினும் அடைக்கலம் பிழைத்ததென்று தீப்புகுந்து உயிர் துறந்தாள் என்று பின்னர் அறிகிறோம். அத்தகைய அறத்தை ஒரு நிறுவனத்திடம் எதிர்பார்ப்பது பேதைமைதான். ஆனால் ஒப்படைத்தல் வேறு, கொடுத்துவிடுதல் வேறு என்ற பாகுபாட்டையாவது நாம் மறவாதிருக்கலாம். 2024இல் ரெட்டிட் நிறுவனம் தன் பயனர்களின் எழுத்துகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூகுளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இம்முறை விற்பனைக்குப் போனது எழுத்து, எழுதுகிறவர்கள் நாம். படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்தும் விரலும் நம்முடையதே.

கடையநல்லூரில் அன்று தகப்பனாருக்குச் சண்டையிட ஒரு கடைவாசல் இருந்தது.