ஊவாத் தேயிலையும் யந்திர யுகமும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையோடு முடிவடைகின்றது. நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்து சேர்ந்த அப்பாதை பதுளையை அடைந்தது 1924 ஏப்பிரல் 5ஆம் திகதியன்றே. எஞ்சியிருந்த தூரம் ஏறத்தாழ இருபது மைல். அதனைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையிலே பாதை மலையைச் சுற்றி வளைந்து, புகையிரத நிலையத்துக்குக் கீழாகவே குகை வழியாகச் செல்கின்ற விந்தையைப் பிரயாணிகள் வியந்து பேசுவர். ஆயின் அப்பாதை பிரயாணிகளின் வியப்பிற்காகப் போடப்பட்டதன்று. மாட்டு வண்டிகளிலே மெல்ல நகர்ந்த தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்திற்கு விரைவாகவும் மலிவாகவும் கொண்டு சேர்ப்பதே அதன் தலையாய நோக்கமாகும்.

பாதை வந்தது, யந்திரம் வந்தது, வியாபார முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஒவ்வொரு மாற்றமும் முன்னேற்றம் என்ற பெயரையே தாங்கி வந்தது. அம்மாற்றங்களால் இலாபம் எவரைச் சேர்ந்தது என்று நம்மிற் பலர் எழுதியிருக்கின்றோம். நட்டம் எவர் தலையில் இறங்கிற்று என்ற வினாவே போதிய அளவு கேட்கப்படவில்லை. ஊவாவின் வரலாற்றை அவ்வினாவோடு புரட்டிப் பார்க்குமிடத்துப் பழைய செய்திகள் சில புதிய பொருள் பெறுகின்றன.

முதல் நட்டம் கோப்பியினால் நேர்ந்தது. அதுவும் இம்மண்ணிலேயே தொடங்கியது. கோப்பி இலையை அழித்த பூஞ்சண நோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியிலேதான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பதினைந்தாண்டுகளுள் இலங்கைக் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. துரைமார் பலர் கடனாளிகளாகக் கப்பலேறினர். தொழிலாளரின் பல மாதக் கூலி நிலுவையாய் நின்றது. வங்கியின் வீழ்ச்சியைப் பற்றி ஏடுகள் உண்டு; கூலி பெறாமல் மன்னார்ப் பாதையில் நடந்து மீண்டவர்களுக்கு ஏடேது?

கோப்பியின் இடத்தில் வந்த தேயிலை வேறொரு பயிர் மாத்திரமன்று, வேறொரு தொழில் முறையுமாகும். கோப்பிப் பழத்தின் தோலைத் தோட்டத்திலே நீக்கிவிட்டால், எஞ்சிய வேலையைக் கொழும்பு ஆலைகளில் ஆறுதலாகச் செய்து கொள்ளலாம். அறுவடையும் ஆண்டில் சில மாதங்களே. தேயிலைக் கொழுந்தோ பறித்த கணத்திலிருந்தே மாறத் தொடங்கிவிடுகின்றது. வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்தல், சலித்தல் ஆகிய யாவும் ஏறத்தாழ ஒரு நாட்பொழுதினுள், கொழுந்து பறித்த மலையிலேயே முடிந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு மலையுச்சியிலும் ஓர் ஆலை எழுந்தது. தோட்டத்து மக்கள் இன்றும் அதனை 'ஸ்டோர்' என்றே அழைக்கின்றனர். பருவந்தோறும் வந்து மீண்ட தொழிலாளர் கூட்டம் ஆண்டு முழுவதும் வேண்டப்படும் கூட்டமாயிற்று, லயங்கள் நிரந்தரமாயின. இம்மக்கள் இந்நாட்டிலே வேரூன்றியமைக்குக் காரணம் தேடுவோர் கங்காணியைப் பற்றி மட்டும் பேசினாற் போதாது. கொழுந்தின் இரசாயனத்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். 1948இல் அவர்களுடைய பிரசாவுரிமையைப் பறித்த சட்டமன்றம் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்திலே தம் விறாந்தையில் ஆட்களைக் கொண்டு கையாலேயே கொழுந்தை உருட்டுவித்தார். சில ஆண்டுகளில் அவரே உருட்டும் பொறியொன்றை அமைத்தார். அதன்பின் வில்லியம் ஜக்சனின் உருட்டு யந்திரங்களும், பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய 'சிரொக்கோ' உலர்த்திகளும் மலையேறின. நூறு கைகள் செய்த வேலையை ஓர் உருளை செய்தது. ஆனால் யந்திரம் ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து கிள்ளும் கைக்கு மாற்றாக, செங்குத்தான ஊவா மலைச் சரிவிலே நிற்கத்தக்க பொறியை எவரும் எளிதில் ஆக்க முடியவில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆலை எத்துணை விரைகின்றதோ அத்துணை விரைவைக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்கள் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

1890இல் ஹப்புத்தளைப் பகுதிக்கு வந்தவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரரான அவர், கோப்பியால் விலை வீழ்ந்த தோட்டங்களை மலிவாக வாங்கினார்; தம்பேதென்ன அவற்றுள் ஒன்று. அதுவரை தேயிலை பெட்டியாக இலண்டனுக்குச் சென்று, ஏலத்தில் விலைபோய், தரகர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் எனப் பல கைகள் மாறிய பின்பே குடிப்பவரை அடைந்தது. லிப்டன் அதனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, தம் பெயரை அச்சிட்டு, தமது கடைகளிலேயே விற்றார். இரண்டரை, மூன்று ஷில்லிங் விலைபோன இறாத்தல் தேயிலை ஒரு ஷில்லிங் ஏழு பென்சுக்குக் கிடைத்தது. ஆங்கிலத் தொழிலாளி வீட்டிலும் தேநீர் நாள்தோறும் அருந்தும் பானமாயிற்று. அது சிறிய நன்மையன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்ற அவருடைய விளம்பரம் பாதி உண்மையே. அவர் விற்ற தேயிலையின் மிகப் பெரும் பகுதி பிறர் தோட்டங்களில் விளைந்து சந்தையில் வாங்கப்பட்டதாகும். அவருடைய மெய்யான சொத்து ஹப்புத்தளை மண்ணன்று, பொட்டலத்தின் மேலிருந்த பெயரே. மண் கைமாறிய பின்னரும் பெயர் விலைபோய்க் கொண்டிருக்கின்றது.

இடைத்தரகரை ஒரு முனையிலே நீக்கிய இவ்வமைப்பு, மறுமுனையில் இடைத்தரகரைப் பேணி வளர்த்தது. பெரிய கங்காணிக்குத் தன் ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பப் 'பென்ஸ் காசு' உண்டு. தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற காகிதத்தில் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்கும் துரையிடம் ஆட்கள் கூட்டமாகக் கைமாறினர். துண்டு முறை 1921இல் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. அதாவது பெல்பாஸ்ட் யந்திரம் வந்து சேர்ந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும், ஆலைக்கு வெளியே ஆட்சி புரிந்தது கடன் சீட்டே. உற்பத்திக் கருவி நவீனமானால் உற்பத்தி உறவும் தானே நவீனமாகிவிடும் என்று எண்ணுவோர்க்கு ஊவா தக்க மறுப்பாகும்.

தானே மாறாததை மாற்ற முயன்றவர்களும் இங்கிருந்தனர். 1940 மே மாதத்தில், முல்லோயாவில் மூண்ட வேலைநிறுத்த அலை பதுளையை எட்டியபோது, வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். அதனைக் கலந்தே நடப்பதாகத் துரை இணங்க வேண்டியதாயிற்று. கூலியுயர்வுக்கு அப்பால், தோட்டம் எவ்வாறு நடத்தப்படல் வேண்டும் என்பதில் பங்கு கேட்ட போராட்டம் அது. நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரி இடமேனும் உண்டா?

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இவற்றை விரிக்கின் பெருகும். இன்று நடப்பனவற்றை நோக்குவோம்.

ஆலையிலே காம்பையும் நாரையும் தெரிந்து நீக்கிய பெண்களின் வேலையை, நிறத்தைக் கண்டு பிரிக்கும் மின்பொறிகள் எடுத்துக்கொண்டன. 1883 ஜூலையில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்பிரலில் கொள்ளைநோய்க் காலத்து முடக்கத்தின்போது, கூவி விற்கும் மண்டபத்தை விட்டுக் கணினித் திரைக்கு மாறியது. கொழுந்து மடுவத்தில் மின் தராசு பல தோட்டங்களில் வந்துவிட்டது. தராசு மின்னில் இயங்கினாலும், சாக்குக்கும் ஈரத்துக்குமென்று கழிக்கப்படும் கிலோக்களைக் குறித்த வழக்கு பழையதே. குறித்த நிறை பறிக்காதவளுக்கு 'அரைப்பேர்' என்ற வழக்கும் பழையதே.

இவற்றினும் பாரதூரமான மாற்றம் வேறொன்றுண்டு. 2021 மார்ச்சில் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 2024 செப்டெம்பரில் அச்சம்பளம் 1350 ரூபாவாயிற்று. நாட்சம்பளம் உயர உயர, நாட்சம்பளமே வேண்டாம், 'வருமானப் பங்கீடு' போதும் என்ற குரலும் உயர்ந்தது. ஒரு குடும்பத்திற்குக் குறித்த அளவு தேயிலைச் செடிகள் ஒப்படைக்கப்படும். அதனைப் பராமரித்துக் கொழுந்தைக் கம்பனிக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கிடைக்கும். தொழிலாளி முதலாளியாகின்றான் என்கின்றனர். நன்கு உழைக்கும் குடும்பமொன்று நல்ல மாதத்தில் நாட்சம்பளத்தினும் மிகுதியாக ஈட்டலாம் என்பதை மறுப்பதற்கில்லை. கைக்காசுக்குக் கொழுந்தெடுத்துப் பழகியவர்கள் அதனை விரும்புவதிலும் வியப்பில்லை.

ஆனால் நல்ல மாதத்தை வைத்து ஒரு முறையை அளத்தலாகாது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடைசெய்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, அடுத்த ஆண்டு 25 கோடிக் கிலோ அளவிற்கு வீழ்ந்தது. நாட்சம்பளக்காரிக்கு அவ்வீழ்ச்சியில் ஒரு பகுதியேனும் கம்பனியின் நட்டம்; கிலோக் கணக்குக்காரிக்கு முழுவதும் அவளுடைய நட்டம். ஊவாவுக்கு இதிலே தனி இடரும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும் காலத்திலேதான், ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த வாசனை கொழுந்தில் ஏறுகின்றது. அதே வறட்சியில் கொழுந்தின் நிறை குறைகின்றது. ஏலத்தில் விலை ஏறும் மாதம், கூடையில் நிறை இறங்கும் மாதமாகும். கிலோ விலை ஏலச் சராசரியோடு பிணைக்கப்படாவிடின், ஊவாவின் புகழே ஊவாப் பெண்ணின் வருவாயைக் குறைப்பதாக முடியும்.

சிறுதோட்டக்காரரைப் பாருங்கள், அவர்கள் வாழவில்லையா என்று கேட்பார்கள். இன்று நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் அவர்கள் விளைவிப்பதே; உண்மை. ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் கையில் காணி உறுதி இருக்கின்றது. அவர்களது கொழுந்துக்கு நிகர விற்பனை விலையில் 68 வீதம், ஆலைக்கு 32 வீதம் என்ற பங்கீட்டு விதியும் இருக்கின்றது. விலை பிடிக்காவிடின் வேறோர் ஆலைக்குக் கொழுந்தைக் கொடுக்கலாம். லயத்து அறையில் வாழ்ந்து, லயமும் செடியும் ஆலையும் ஒருவரிடமே இருக்க, அவ்வொருவருக்கே விற்க வேண்டிய குடும்பத்தைச் சிறுதோட்டக்காரர் என்று அழைப்பதற்குச் சொல்லின் பொருளையே மாற்ற வேண்டியிருக்கும்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை மலைகளில் முதுமையடைந்த தேயிலைச் செடிகளைப் பார்த்தவர்க்கு இன்னுமொரு வினா எழும். பழஞ்செடியைப் பிடுங்கி, மண்ணைத் தேற்றி, புதுக்கன்று நட்டு, முறையாகக் கொழுந்தெடுக்க மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். ஒப்படைக்கப்பட்ட துண்டுக் காணியில் அந்த மறுநடுகையைச் செய்பவர் யார்? அவ்வாண்டுகளில் கிலோக் கணக்கில் அக்குடும்பம் எதனை நிறுத்துக் கொடுக்கும்?