இருத்தலியல் கற்கும் முறை: தொடக்கநிலை ஆய்வு

1. நோக்கம்

இருத்தலியலுக்குப் புதியவர் பெரும்பாலும் 1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் ழான்-பால் சார்த்தர் ஆற்றிய சொற்பொழிவிலிருந்தே தொடங்குகிறார். மறு ஆண்டு அது சிறு நூலாயிற்று. எளிய நூல்தான், ஆயினும் அதை முதலில் படிப்போர், விடுதலையை விரும்பியதைச் செய்யும் உரிமை எனக் கொண்டுவிடுகின்றனர். இதைத் தவிர்க்கும் பாடவரிசையை இங்கு ஆராய்வோம்.

2. சாரமும் இருத்தலும்

ஒரு பொருளை இன்னதென வரையறுக்கும் பண்புத்தொகுதி சாரம். அப்பொருள் உளதாதல் இருத்தல். தாள் வெட்டும் கத்தியைச் செய்பவர் அதன் பயனை முன்னரே அறிவார். அங்கே சாரம் முந்துகிறது. மனிதனை அவ்வாறு முன்வரைந்தவர் எவருமிலர், ஆதலின் இருத்தலே முந்துகிறது என்பது சார்த்தரின் துணிபு. இறைநம்பிக்கையுடைய பிரெஞ்சு மெய்யியலாளர் கபிரியேல் மார்செலையும் அவர் இதே வாய்பாட்டில் அடக்குவது நமக்கு உடன்பாடில்லை.

3. அச்சமும் பதைப்பும்

அச்சத்துக்குக் குறித்த பொருள் உண்டு, பதைப்புக்கு இல்லை என 1844-இல் வகுத்தவர் டேனிய மெய்யியலாளர் கீர்க்கேகார்ட். சார்த்தர் 1943-இல் வெளியிட்ட ‘இருப்பும் இன்மையும்’ இவ்வேறுபாட்டை மலைவிளிம்புப் பாதையில் வைத்து விளக்குகிறது. கல் பெயருமோ, கால் வழுக்குமோ என்பது அச்சம். பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும்போதும், நானே குதித்துவிட மாட்டேன் என்பதற்கு என்ன உறுதி என்ற நடுக்கம் எழுமே, அதுவே பதைப்பு. சற்றுமுன் செய்த தீர்மானம் இக்கணத்தில் என்னைக் கட்டாது. மீண்டும் நானே தீர்மானித்தாக வேண்டும். விடுதலையின் முதல் அனுபவம் இதுவாதலால், சொற்பொழிவுக்கு முன் இப்பகுதியைக் கற்பதே முறை.

4. தன்வஞ்சனை

இப்பதைப்பிலிருந்து தப்ப, தன்னை மாற்றமில்லாத ஒரு பொருளாகத் தானே நம்பிக்கொள்ளுதல் தன்வஞ்சனை. சார்த்தர் காட்டும் உணவகப் பரிமாறுநரின் நடை சற்று மிகையான விரைவு. குனிவு சற்று மிகையான பணிவு. பரிமாறுநராக இருப்பதை அவர் நடிக்கிறார்.

5. தேர்வு

இனிச் சொற்பொழிவுக்கு வரலாம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மாணவர் ஒருவர் சார்த்தரிடம் வந்தார். தமையன் 1940-இல் போரில் இறந்துவிட்டார். தந்தையிடமிருந்து பிரிந்துவிட்ட தாய்க்கு இவரே துணை. இங்கிலாந்து சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயுடன் தங்குவதா? அறநூல் விதிகள் இரு பக்கமும் பேசுகின்றன. பாசமே வழிகாட்டும் எனலாமா? தங்கிவிடும் அளவுக்குப் பாசம் உண்டு என்பது தங்கிய பின்னரே மெய்ப்படும். எஞ்சுவது பிறர் அறிவுரை. பாதிரியாரிடம் கேட்கலாம்; ஆனால் பாதிரியாருள் ஆக்கிரமிப்பாளருக்கு உடன்பட்டவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. எவரிடம் போவது என்று முடிவு செய்யும்போதே, எத்தகைய அறிவுரை வேண்டுமென்பதையும் அந்த மாணவர் முடிவு செய்துவிடுகிறார்.